வெர்பீனாவின் தட்டைக் காலி செய்த பல்லம்மா

டிரினிடாடுக்கு வடக்கே இருக்கிற கரியாக்கு என்ற குட்டித் தீவில் குடியிருக்க வருகிற வெள்ளைக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே பாட்டுத்தான். கடல் தெரிய வேண்டும், காற்று வர வேண்டும், சத்தம் கூடாது. இஸ்மே லெண்டோர் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போனவள். ஏழு வீட்டுச் சாவிகளை ஒரு பெரிய ஊக்கில் கோத்து இடுப்பில் செருகிக்கொண்டு திரிவாள். வீட்டுக்காரர்கள் புரூக்ளினிலும் லண்டனிலும் இருந்தார்கள். கூரை ஒழுகினால் வாளி வைப்பதும், ஆடு புகுந்தால் விரட்டுவதும், குடிவர நினைப்பவர்களுக்குக் கதவைத் திறந்து காட்டுவதும் இஸ்மேயின் பாடு.

அறுபத்தொரு வயது. புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள் என்று சர்ச்சில் மரியாதையாகச் சொல்வார்கள். அவள் கொடுத்தது கடலுக்கு இல்லை, டிரினிடாடில் துணிக்கடை வைத்திருந்த ஒருத்திக்கு. ஊருக்கே தெரியும், பாதிரியாருக்கும் தெரியும். இஸ்மே திருத்த மாட்டாள். கடல் என்று சொன்னால் கௌரவமாக இருக்கிறதல்லவா, இருந்துவிட்டுப் போகட்டும்.

எட்டாவதாக ஒரு சாவி உண்டு. அது ஊக்கில் தொங்காது, சட்டைக்குள்ளே இருக்கும். அவளுடைய அக்கா வெர்பீனாவின் வீட்டுச் சாவி அது.

இஸ்மேயின் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, கையை நீட்டினால் எட்டாது, தேங்காயை எறிந்தால் எட்டும் தூரத்தில் வெர்பீனாவின் ஜன்னல். நாற்பது வருஷம் அக்கா தங்கை இரண்டு பேரும் அந்த ஜன்னல் வழியாகத்தான் சண்டை போட்டார்கள். கோழிக்காக, வேலிக்காக, யார் தொப்பி பெரிசு என்பதற்காக. விஷயம் தீர்ந்துபோனால் சமையலுக்கு வந்துவிடுவார்கள். இஸ்மே எதைக் கொடுத்தனுப்பினாலும் வெர்பீனா வழித்துச் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவித் திருப்பி அனுப்பும்போது ஜன்னலில் நின்று ஊர் கேட்கக் கத்துவாள்: "உப்பு கொஞ்சம் போட்டிருக்கலாம், இஸ்மே!" 

முந்தின வருஷம் வெர்பீனா செத்துப்போனாள். தன் வீட்டு முற்றத்திலேயே, சீத்தா மரத்தடியில் படுத்துக்கொண்டாள். எதிர் ஜன்னல் மூடியது. இஸ்மேக்குக் கத்துவதற்கு ஆள் இல்லை. ஆட்டிடம் எவ்வளவுதான் கத்த முடியும்?

மறு வருஷம் ஜனவரியில் புரூக்ளினில் இருந்து வெர்பீனாவின் மகன் லின்ஃபர்ட் போன் போட்டான்.

"சித்தி, பூட்டிக் கிடக்கிற வீடு இத்துப்போகும். பெரிய உல்லாசப் படகுக்காரர் ஒருத்தர் கேக்கறாரு. இடிச்சிட்டுப் பெரிசா கட்டுவாராம்."

"உங்கம்மா அங்கதான்டா படுத்திருக்கா."

"நகத்தி வெச்சிடலாம்னு சொல்றாரு."

"உன் அம்மாவ யாராவது எப்பவாவது நகத்த முடிஞ்சிருக்கா?"

வெர்பீனா பெற்ற மகனுக்குத் தெரியாததா? லின்ஃபர்ட் இறங்கிவந்தான்: "சரி சித்தி. ஈஸ்டருக்குள்ள நல்ல குடித்தனம் ஒண்ணு வெச்சிடுங்க. நான் விக்கல. இல்லன்னா கையெழுத்துப் போட்டுடுவேன்."

ஊரில் இல்லாத அவசரம். இஸ்மே ஆள் தேடினாள். தேடிய வேகத்தில் விரட்டவும் செய்தாள். முதலில் வந்த ஜெர்மன்காரன் சீத்தா மரத்தை வெட்டலாமா என்று கேட்டான். வாசலோடு போனான். அடுத்து வந்த தம்பதி கல்லறையைப் பார்த்து, "அழகா இருக்கே, மேல பூந்தொட்டி வைக்கலாம்" என்றார்கள். அவர்களும் போனார்கள். 

மார்ச்சில் எல்ஃப்ரீடா பெனர் படகில் இருந்து இறங்கினாள். கனடாவில் வினிபெக்கில் முப்பத்தைந்து வருஷம் பல் டாக்டர். ஓய்வு பெற்ற கையோடு பனியை வைதுவிட்டுக் கிளம்பிவந்தவள். யாரோடு பேசினாலும் கண்ணைப் பார்க்க மாட்டாள், வாயைத்தான் பார்ப்பாள். இறங்கிய அரை மணி நேரத்தில் பஸ் ஓட்டுகிற காஸ்னெலிடம், "மேல் வரிசையில கடைசிப் பல்ல எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டாள். சாயங்காலத்துக்குள் அவளுக்குப் பல்லம்மா என்று பெயர் விழுந்துவிட்டது.

பல்லம்மாவும் அதே பாட்டைத்தான் பாடினாள். கடல், காற்று, அமைதி.

இஸ்மே எதிர்த்துப் பேசவில்லை. கேட்டதைக் காட்டிவிடுவது அவள் வழக்கம். காஸ்னெலின் பஸ்ஸில் ஏற்றிக் காற்றடிக்கும் பக்கம் விண்ட்வர்ட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கே காற்று வரும். வந்து பல்லம்மாவின் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. உப்புக் காற்றில் குளிர்பெட்டி, கட்டில், கதவுக் கீல் எல்லாம் துருப்பிடித்துப் பழுப்பாக உதிர்ந்தன. மறுநாள் காற்றில்லாத பக்கம், டிரெல் பேயில் ஒரு வீடு. கடல் காலடியில் கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத மணல் கொசு பல்லம்மாவின் கணுக்காலைக் கடித்துத் தீர்த்தது. பக்கத்து ரம் கடையில் பாட்டு காலை பத்து மணிக்கே தொடங்கிவிட்டது. மூன்றாவது, மலை உச்சி வீடு. கடல் நாலு பக்கமும் தெரிந்தது. காற்றும் அளவு, சத்தமும் இல்லை. தொட்டியில் தண்ணீரும் இல்லை. மழை பெய்தால்தான் தண்ணீர், ஜூன் வரை மழை கிடையாது.

"மத்தவங்க மார்ச்ல குளிக்கறதே இல்லையா?" என்றாள் பல்லம்மா.

"குளிப்போம். கொஞ்சமா குளிப்போம்."

திரும்பி வரும்போது பல்லம்மா மூடிய ஜன்னலைப் பார்த்துவிட்டாள். "உங்க வீட்டுக்கு எதிர்ல இருக்கே, அது யாரோடது?"

"அங்க கடல் தெரியாது. காத்தும் வராது. சேவல் ராத்திரி ரெண்டு மணிக்கே கூவும், அதுக்குப் புத்தி சரியில்ல."

"சும்மா பாக்கலாமே?"

இஸ்மே அவளை மேலும் கீழும் பார்த்தாள். மரத்தைப் பற்றியோ கல்லறையைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசாத முதல் ஆள். "அக்காகிட்ட கேக்கணும்."

"அக்கா எங்க இருக்காங்க?"

"அதோ, சீத்தா மரத்தடியில."

பல்லம்மா மரத்தடியைப் பார்த்தாள். ஒரு சிமெண்டுத் திண்ணைதான் தெரிந்தது, யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஏதோ கேலி என்று நினைத்துச் சிரித்தாள். 

"ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்கு வாங்க, காட்டறேன்" என்றாள் இஸ்மே.

தப்பு அங்கேதான் நடந்தது. கரியாக்குவில் ஞாயிற்றுக்கிழமைப் பன்னிரண்டு மணி என்றால் சர்ச் முடிந்து, வாசலில் பேசி முடிந்து, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய பிறகு வருகிற பன்னிரண்டு. வினிபெக்கில் அதற்கு வேறு அர்த்தம் போலிருக்கிறது.

ஞாயிறு விடியற்காலையில் இஸ்மே அக்காவுக்குப் படையல் சமைத்தாள். சோளக்களி உருட்டி, கோழி வதக்கி, துவரம் பருப்புச் சோறு வடித்து, மீன் பொரித்து, எதிலும் ஒரு கல் உப்புப் போடாமல். செத்தவர்களுக்கு உப்பு ஆகாது. வெர்பீனாவின் மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, நல்ல தட்டில் பரிமாறி, ஒரு கிளாஸ் ரம், ஒரு கிளாஸ் தண்ணீர், ஒரு மெழுகுவத்தி. "அக்கா, சாப்பிடு. அந்தப் பல்லம்மா இங்க இருக்கலாமா வேணாமான்னு கனவுல வந்து சொல்லு" என்று கூப்பிட்டுச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சர்ச்சுக்குப் போனாள். பூட்டவில்லை. படையல் வைத்த வீட்டுக்குள் யார் நுழைவார்கள்? திருடன்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போவான். செத்தவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் மிச்சத்தை உயிரோடிருப்பவர்கள் தொடுவார்கள்.

அன்றைக்குப் பாதிரியார் யோனாவைத் திமிங்கிலத்துக்குள் அனுப்பிவிட்டு வெளியே எடுக்க மறந்துவிட்டார். சர்ச் முடிய ஒன்றரை ஆகிவிட்டது. இஸ்மேயும் காஸ்னெலும் காஸ்னெலின் அம்மா ஃபிலோமினும் வந்து பார்த்தால், வெர்பீனா வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. வெர்பீனாவின் நாற்காலியில் பல்லம்மா உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். தட்டு காலி. ரம் கிளாஸும் காலி.

"வாங்க வாங்க. பன்னெண்டுக்கு வந்தேன், யாரும் இல்ல. எனக்காக எடுத்து வெச்சிட்டுப் போயிருக்கீங்களேன்னு..." பல்லம்மாவின் கன்னம் ரம்மில் சிவந்திருந்தது. "மெழுகுவத்தியை நான்தான் அணைச்சேன். பகல்ல எதுக்கு வீணா எரியுது?"

ஃபிலோமின் சிலுவை போட்டுக்கொண்டாள். "அணைச்சாளாம்! ஐயோ, வெர்பீனா இருட்டுல தட்டுத் தடுமாறிப் போயிருப்பாளே!"

"வெர்பீனா யாரு?"

இஸ்மே கத்தினாள். ஒரு வருஷமாகக் கத்தாததையெல்லாம் சேர்த்துக் கத்தினாள். திருடி என்றாள், எச்சில் என்றாள், பிறந்ததில் இருந்து பட்டினி கிடந்தவள் மாதிரி எலும்பைக்கூட விடவில்லையே என்றாள். பல்லம்மாவுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. சீத்தா மரத்தடியில் இருப்பது யார் என்றும் புரிந்தது. முகம் வெளுத்துப்போய் எழுந்து, நூறு தடவை மன்னிப்புக் கேட்டாள். கேட்டவள் அதோடு போயிருக்கலாம். முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் வாயில் குறை சொன்னவள், நாக்கு சும்மா இருக்குமா? வாசற்படியில் திரும்பினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாம் ரொம்ப நல்லா இருந்தது. உப்பு மட்டும் கொஞ்சம் போட்டிருக்கலாம், இஸ்மே."

காஸ்னெல் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிப்போய்ச் சிரித்தான். ஃபிலோமின் மறுபடியும் சிலுவை போட்டாள். இஸ்மே தட்டை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "போ வெளிய" என்று முணுமுணுத்தாள்.

ஊரில் ஆளுக்கொரு தீர்ப்பு. பசித்த வெர்பீனா இந்த வாரமே கனவில் வந்து நாறடிப்பாள் என்றாள் ஃபிலோமின். இஸ்மே தினமும் எதிர்பார்த்துப் படுத்தாள். திங்கள் கனவில் ஆடு வந்தது. செவ்வாய் அன்று டிரினிடாடுக்குப் போன புருஷன் வந்தான், அவனை யார் கூப்பிட்டார்கள்? புதன், வியாழன் ஒன்றுமில்லை. ஈஸ்டருக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. லின்ஃபர்ட் போன் போட்டு, படகுக்காரர் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார் என்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஃபிலோமினோடு உட்கார்ந்து துவரை உரித்துக்கொண்டிருந்த இஸ்மே கையை நிறுத்தினாள்.

"ஃபிலோமின்! உயிரோட இருந்தப்ப வெர்பீனா ஒரு வேளை சாப்பாடு தள்ளிப்போனா சும்மா இருந்திருக்காளா?"

"கல்யாண வீட்டுல கேக் லேட்டாச்சுன்னு மாப்பிள்ளையத் திட்டினவ அவ."

"அப்ப அஞ்சு நாளா ஏன் வாயத் திறக்கல?"

இஸ்மே துவரைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"வயிறு நிறைஞ்சிருக்கு, அதான். சாப்பிட்டுட்டா. சாப்பிட்டு முடிச்சி என்ன சொல்லணுமோ அதையும் சொல்லிட்டுப் போயிட்டா. நீயும்தானே காதால கேட்ட?"

"அது பல்லம்மா சொன்னது."

"வாய் பல்லம்மாவோடது. பேச்சு யாரோடது?"

இதற்கு மேல் இஸ்மேயோடு வாதாட அந்தத் தீவில் ஆள் கிடையாது. இருந்த ஒருத்தியும் மரத்தடியில் கிடந்தாள்.

ஞாயிறன்றே இஸ்மே காஸ்னெலிடம் கொடுத்தனுப்பிய சாவியோடு பல்லம்மா மலை உச்சி வீட்டை மாதக் கணக்கில் எடுத்துக் குடிபோயிருந்தாள். இஸ்மே மூடிபோட்ட கிண்ணத்தோடு காஸ்னெலின் பஸ்ஸில் ஏறினாள். பாதி மலைக்கு மேல் பஸ் ஏறவில்லை. நடந்தாள். பல்லம்மா ஒரு வாளித் தண்ணீரைப் பார்த்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி சிக்குப் பிடித்திருந்தது. 

"மறுபடியும் திட்ட வந்தீங்களா?"

"சாப்பிடுங்க" என்று கிண்ணத்தைத் திறந்தாள் இஸ்மே. மன்னிப்புக் கேட்கிற வழக்கம் லெண்டோர் குடும்பத்தில் இல்லை. "இங்க எப்படி இருக்கு?"

"அமைதியா இருக்கு." பல்லம்மா கரண்டியை எடுத்தாள். "அஞ்சு நாளா ஒரு மனுஷக் குரல் கேக்கல. நேத்து குளிர்பெட்டியோட பேசிட்டிருந்தேன். நீங்க அன்னிக்குக் கத்தினீங்களே, அதுதான் கடைசியா யாரோ என்கிட்ட முழுசா பேசினது."

ஒரு வாய் போட்டாள். மென்றாள். இஸ்மே அவள் வாயையே பார்த்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு."

"சொல்லுங்க!"

"இப்ப உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு."

இஸ்மே சட்டைக்குள் கையை விட்டு எட்டாவது சாவியை எடுத்து வாசற்படியில் 'டக்'கென்று வைத்தாள். "பெட்டியக் கட்டுங்க. கடல் தெரியாது, சொல்லிட்டேன். காத்து வராது. மரத்த வெட்டக் கூடாது. நான் படையல் வெச்சா, சாப்பிட வான்னு நான் கூப்பிடற வரைக்கும் வாசல் பக்கம் தலை காட்டக் கூடாது."

"சேவல்?"

"அது கூவும்."

அன்று சாயங்காலம் இஸ்மே புரூக்ளினுக்குப் போன் போட்டு, படகுக்காரரைப் பேனாவை மூடி வைக்கச் சொன்னாள். எப்படிப்பட்ட குடித்தனம் என்று லின்ஃபர்ட் கேட்டான்.

"உங்கம்மாவுக்குப் பிடிச்ச ஆளு. ரம் குடிப்பா."

ஈஸ்டர் திங்களன்று காலையில், ஒரு வருஷமாக மூடிக் கிடந்த எதிர் ஜன்னல் கிறீச்சிட்டுத் திறந்தது. கொடியில் தொங்கிய ஒரு உள்பாவாடையை இஸ்மேயின் ஆடு ஓரத்தில் இருந்து பொறுமையாக மென்றுகொண்டிருந்தது.

"இஸ்மே! உங்க ஆட்டப் பிடிங்க! இதுக்குப் பல்லு வேற கோணல்!"

இஸ்மே கரண்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, நாற்பது வருஷம் பழகிய இடத்தில் போய் நின்று, ஜன்னலில் முழங்கையை ஊன்றினாள்.

"உன் பாவாடைய யாரு அவ்வளவு தாழ்வாக் கட்டச் சொன்னாங்க?"