தலைவருக்காக ஒரு மொட்டை

அன்று காலை பதினொன்றுக்குச் சென்னை மருத்துவமனையில் என் மனைவிக்கு இதய அறுவை சிகிச்சை. பத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன். ஏழு மணிக்குத் திருத்தணி மலைமேல் எங்கள் கட்சியின் தேசியத் தலைவரோடு நின்றிருந்தேன்.

நான் அவருடைய சீஃப் ஆஃப் ஸ்டாஃப். தலைவர் செய்ய விரும்பாதவற்றை, தலைவரே செய்ததாகத் தோன்றும்படி செய்து முடிப்பதே அப்பணி. அவருடைய கடிதங்களை எழுதினேன். அவருடைய கோபத்தை உரியவரிடம் சேர்ப்பித்தேன். அவர் மறந்துபோன நண்பர்களின் இறுதிச் சடங்குகளில் அவர் சார்பில் துயருற்றேன்.

தேர்தலில் வென்றால் தணிகையில் முடிக்காணிக்கை செலுத்துவதாக மேடையில் அறிவித்திருந்தார். எதிர்பாராமல் வென்றும்விட்டார். அந்த முடியோ கட்சிச் சின்னத்தைவிடப் பிரபலமானது. மொட்டை மண்டப வாசலில் ஆலோசனை நடந்தது. யாருடைய முடி என்று அறிவிப்பில் இல்லையெனச் சட்ட ஆலோசகர் கண்டுபிடித்தார். தலைவர் என் தலையைப் பார்த்தார். என் நீண்டகால விசுவாசத்தைப் பாராட்டினார்.

மறுத்திருக்கலாம். பத்து நிமிட வேலைதானே என்று உட்கார்ந்தேன்.

தலையை நனைத்தபடி சவரத் தொழிலாளி கேட்டார்: "வேண்டுதல் உங்களுதுங்களா?"

"தலைவருடையது."

"ஆங்... அப்போ சாமி வரம் குடுத்தா யாருக்குங்க குடுக்கும்? சரி, குனிஞ்சிகினு இருங்க, ஆடாதீங்க."

தலைவர் பட்டுத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, என் முடியைத் தட்டில் ஏந்திப் படமெடுத்துக்கொண்டார். பிறகு எளிமையைப் பற்றி நெடுநேரம் பேட்டியளித்தார்.

அவர் வாகனம் புறப்படும்வரை மலைப்பாதையிலும் அடிவாரச் சாலையிலும் வேறு எந்த வண்டியும் நகரக் கூடாது என்பது ஆணை. காவல் ஆய்வாளர் அதை என்னிடமே வருத்தத்தோடு காட்டினார்: "நீங்க எழுதிக் குடுத்ததுதான் சார்." விதிவிலக்கே இல்லாத நல்ல வரைவு.

சென்னையிலிருந்த என் உதவியாளரைத் தொலைபேசியில் அழைத்து, என் சார்பில் மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். பூங்கொத்தோடு போனார். "அவருக்கு வேல இருக்கும்ங்க. நீங்க வந்ததே அவரு வந்த மாதிரி," என்றாளாம் என் மனைவி.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. அறுவை அரங்கின் கதவு மூடியிருந்தது. அதன்பின் அவள் கண் விழிக்கவில்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மறுநாள் எங்கள் ஊரான கே.ஜி.கண்டிகையில் கொள்ளி வைக்க வேண்டியவன் நான். அதற்குமுன் தலை மழிப்பது எங்கள் வழக்கம். ஊர்ச் சவரத் தொழிலாளி உள்ளங்கையால் என் தலையைத் தடவிப் பார்த்தார்.

"இதுல எடுக்க இன்னா சார் இருக்குது?"

அவளுடைய தம்பி முன்னால் வந்தான். "பாவா, உங்களுக்குப் பதிலா நான் ஒக்கார்றேன். ஒண்ணும் தப்பில்ல."

வேண்டாமென்றேன். வெறுந்தலையிலேயே கத்தியை ஓட்டச் சொன்னேன். ஓட்டினார். ஒரு முடியும் விழவில்லை.

இப்பணியில் சேரும் இளையோர், தாம் நேரில் போயே ஆக வேண்டிய இடங்களை முதல் நாளிலேயே பட்டியலிட்டு வைத்துக்கொள்வது நலம். என் பட்டியலில் ஒரே இடம்தான் இருந்திருக்கும்.