அம்மாவின் கண்ணாடியும் பொன்னுரங்கத்தின் கையும்

என் அக்கா ஜெமிமா டாக்டர் என்றால் ராயபுரத்தில் முக்கால்வாசிப் பேர் நம்பமாட்டார்கள். கத்தியைத் தொடுவதில்லை, வந்ததும் ஊசி போடுவதில்லை. மறுவாழ்வு மருத்துவமும் வலி மருத்துவமும் படித்தவள். நாசரேத்திலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்த சுயம்பு மாமா, "அப்படின்னா தைலம் தேய்க்கிற டாக்டரா?" என்று பந்தியில் வைத்துக் கேட்டார். அக்கா நிதானமாகப் பாயசத்தைக் குடித்துவிட்டு, "ஆமா மாமா, உங்க முட்டிக்கு எப்ப வர்றீங்க?" என்றாள்.

பகலில் அவளுக்கு ஆஸ்பத்திரி. சாயங்காலம் எங்கள் கயிற்றுக் கடை மாடியில் கிளினிக். எண்ணூர்ப் பக்கம் மெஷினில் விரலை விட்டவர், லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போனவர் எல்லாரும் என் கல்லாவைத் தாண்டித்தான் மாடியேற வேண்டும். "ஜெரினு, டாக்டரம்மா கீறாங்களா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே என் வியாபாரம் படுத்துவிட்டது.

வெட்டுப்பட்டுப் போன கையும் காலும் ஏன் வலிக்கின்றன என்பதுதான் அவள் ஆராய்ச்சி. இல்லாத கை எப்படி வலிக்கும் என்று நான் கேலி பேசிக்கொண்டிருந்தேன். பொன்னுரங்கம் அண்ணன் வந்த பிறகு கேலி நின்றுவிட்டது.

அவர் காசிமேட்டு விசைப்படகுக்காரர். வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது. போன கை இறுக மூடிக்கொண்டு, நகமெல்லாம் உள்ளங்கையில் குத்துகிறது என்று அழுதார். மாத்திரைக்கு அடங்கவில்லை.

"பேஜாரா கீது டாக்டரம்மா. முழங்கை வரிக்கும் வெட்டச் சொல்லு. நிம்மதியா தூங்கணும்."

"இன்னும் வெட்டினா வலி போகும்னு யார் சொன்னா? மிச்சக் கை இருந்தாத்தான் செயற்கைக் கை மாட்டி வேலை செய்ய முடியும். அதையும் தூக்கிக் குடுத்துடாதீங்கண்ணே."

"மீன்பிடி தடைக்காலம் முடியற வரிக்கும் பாக்கறேன். படகு கடலுக்குப் போற அன்னிக்கும் வலிச்சா, வெட்டிக்கினுதான் மறுவேலை."

அக்கா கண்ணாடி வைத்தியத்தில் இறங்கினாள். மேஜையில் கண்ணாடியை நிறுத்தி, வெட்டுப்பட்ட கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்துவிட்டு, நல்ல இடது கையை முன்னால் வைக்க வேண்டும். கண்ணாடியில் தெரிவது போன வலது கை மாதிரியே இருக்கும். இடது கையைத் திறந்தால், போன கையும் திறந்துவிட்டதாக மூளை நம்பும். இதற்குப் பெரிய கண்ணாடி வேண்டுமென்று அம்மாவின் பீரோ கண்ணாடியையே கழற்றிவிட்டாள். "ஏட்டி, நான் சர்ச்சுக்கு எதப் பாத்து சேல கட்டுவேன்?" என்று அம்மா கத்தியது தெருமுனை வரை கேட்டது. சுமந்தவன் நான், திட்டும் எனக்கே.

இத்தனை செய்தும் வேலைக்கு ஆகவில்லை. "மெதுவாத் திறங்கண்ணே" என்று அவள் சொல்லும்போதெல்லாம் அவருக்கு வேர்த்துக் கொட்டும், வலி இன்னும் ஏறும். அக்கா வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

தடைக்காலம் முடியப்போகிற வாரம். வெட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டுப் போக வந்தார் அண்ணன். அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"கையத் திறக்கச் சொன்னா ஏன் இப்படி நடுங்குறீங்க? அப்படி என்னதான் இருக்கு அந்தக் கைக்குள்ள?"

"கயிறும்மா. வேற இன்னா கீது?"

"யாரோட கயிறு?"

"செல்வத்துது. அவன் இன்னும் சொல்லலியே!"

அப்போதுதான் கதை வெளியே வந்தது. நடுக்கடலில் படகுக்கடியில் வலை சிக்கிக்கொள்ள, அதை அறுக்க இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்தவன் செல்வம். மேலே கயிற்றைப் பிடித்திருந்தவர் பொன்னுரங்கம். இறங்கினவன் ஏறிவந்து, பிடித்தவர் தோளில் கைவைத்து, "மேல வந்துட்டேன், வுடு" என்று சொல்ல வேண்டும். அதுவரை கையைத் திறக்கக் கூடாது. அது அவர்கள் படகு வழக்கம். அன்றைக்குக் கயிறு வலை இழுக்கும் வின்ச் உருளையில் மாட்டி அவர் கையை உள்ளே இழுத்தது. அப்போதும் அவர் விடவில்லை. செல்வத்தை மற்றவர்கள் மேலே தூக்கியபோது அண்ணனுக்கு நினைவு தப்பியிருந்தது; அந்த "வுடு" அவர் காதில் விழவே இல்லை.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "இத்தனை நாளா கூட வந்தவனக் கடல்ல விடச் சொல்லியிருக்கேனே!"

மறுநாள் காலையிலேயே காசிமேட்டுக்குப் போய்விட்டாள். வலை பின்னிக்கொண்டிருந்த செல்வம் எழுந்திருக்கவே இல்லை. "என்னாலதான் மாமுவுக்குக் கை பூட்ச்சு. எந்த மூஞ்ச வச்சிகினு வர்றது?"

"இருக்கிற மூஞ்சிய வச்சுக்கிட்டு வாங்க. ஏறுங்க வண்டியில."

சாயங்காலம் கண்ணாடிக்கு முன்னால் அண்ணன் இடது கையை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். செல்வம் பின்னாலிருந்து வந்து அவர் தோளில் கை வைத்தான். அக்கா முறைத்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"மேல வந்துட்டேன் மாமு. வுடு."

கண்ணாடியில் அந்தக் கை ஒவ்வொரு விரலாகத் திறந்தது. நான் அழுதுவிட்டேன், சொல்வதற்கென்ன வெட்கம்? வலி அன்றைக்கே ஓடிப்போனதென்று கதை விடமாட்டேன். அது கொஞ்சங்கொஞ்சமாகத்தான் இறங்கியது. ஆனால் வெட்டுகிற பேச்சை அண்ணன் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

அன்றைக்கு, விரிந்த கையைப் பார்த்துவிட்டு, அவர் கண்ணாடிக்குள் தெரிந்த செல்வத்தை முறைத்தார்.

"இன்னாடா, ஏறி வர்றதுக்கு இவ்ளோ நேரமா?"