ஒரு பஸ்ஸே சேர்ந்து அணைத்த அடுப்பு

கார்த்திகை மழையில் யார் வீட்டிலும் துணி காயவில்லை போல.

இன்று மாமல்லபுரம் பஸ்ஸில் முன்சீட்டு அக்கா வீட்டுக்காரருக்கு வீடியோ கால் போட்டார்.

“யோவ், அடுப்பாண்ட இன்னாயா தொங்குது?”

“புள்ளயோட சாக்ஸு.”

எரிகிற அடுப்புக்கு மேலே கொடி கட்டியிருந்தார்.

“மொதல்ல அடுப்ப அணை.”

“இன்னும் ஈரம் கீது.”

கண்டக்டர் போனை எட்டிப் பார்த்தார். “அண்ணாத்த, பத்திக்கினா வூடே போயிடும். அணை.”

நாங்களும் “அணைங்க, அணைங்க” என்று கோரஸ் பாடினோம்.

மிரண்டுபோன மனுஷன் உடனே அணைத்துவிட்டு, “அணைச்சிட்டேன் சார்” என்றார். பஸ்ஸே கைதட்டியது.

அக்காவுக்கு மட்டும் கோபம். “நான் சொன்னா ஒரு தபா கேட்டதில்ல.”

நாளையும் மழையாம். உங்கள் வீட்டுக்காரரும் இப்படித்தானா? டிக்கெட் எடுத்தால் போதும், அதட்ட நாங்கள் இருக்கிறோம்.