வெயில் ஆகாத ஸ்மாஷர்

எழுபதுகளின் நடுவில், ரயிலேறிக் கல்லூரிக்குப் போய்வந்த நாட்களில், எங்கள் வாலிபால் டீமுக்கு நான்தான் ஸ்மாஷர். முகம் முழுக்கப் பரு. திருவள்ளூர் டாக்டர் டெட்ராசைக்ளின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"வெறும் வயித்துல போடு. பாலோட போடாதே. முக்கியமா, வெயில்ல நிக்காதே."

முதல் இரண்டையும் கேட்டேன். பொதட்டூர்பேட்டை மேட்ச் நெருங்கும்போது மூன்றாவதை எப்படிக் கேட்பது? ஒருநாள் மதியம் முழுக்க ஆடினேன். வீடு திரும்புவதற்குள் கன்னமும் மூக்கும் அடுப்பில் காட்டியதுபோல் எரிந்தன. பிறகு தோல் உரிந்தது. மாத்திரையை நிறுத்தவும் மனமில்லை, பரு வற்றத் தொடங்கியிருந்தது. ஆகவே முழுக்கைச் சட்டையும் குடையுமாக மரத்தடியில் உட்கார்ந்து பாயின்ட் எண்ணினேன்.

என் இடத்தில் மணவாள நகர் நண்பன் ஆடினான். என்னைவிட அவனுக்குப் பரு அதிகம். அவன் எகிறி அடித்த ஒவ்வொரு பந்தும் என் வயிற்றில் விழுந்தது. அங்கே ஏற்கெனவே மாத்திரை எரிந்துகொண்டிருந்தது.

"இன்னா மச்சான், மேட்சுக்கும் கொடை புடிச்சிகினுதான் வருவியா?" என்று மைதானத்திலிருந்தே கத்தினான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பற்றிக்கொண்டு வந்தது.

ஆட்டம் முடிந்ததும் அவன் பக்கத்தில் வந்து என் முகத்தையே பார்த்தான். "ஒனக்கு நல்லா கொறஞ்சிகீதுடா. எந்த டாக்டரு? என்னையும் இட்டுகினு போ."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அவனுக்கும் வெயில் ஆகாமல் போகும். மரத்தடியில் இரண்டு பேர் உட்காரலாம்! அன்றைக்கே சைக்கிளில் அவனை வைத்து மிதித்தேன். அதே மாத்திரை, அதே எச்சரிக்கை.

"வெயிலைப் பத்திச் சொன்னாரே, கேட்டியா?" என்றேன் ஆசையாக.

"பாத்துக்கலாம் வுடுடா."

மறுநாளும் ஆடினான், அதற்கடுத்த நாளும். தினமும் அவன் மூக்கைத்தான் பார்த்தேன். சிவக்கவில்லை, உரியவில்லை. கொஞ்சம் கறுத்தான்; அதுவும் அவனுக்கு அழகாகவே இருந்தது. பருவும் வற்றியது. பொறுக்க முடியாமல் டாக்டரிடமே போய் முறையிட்டேன்.

"எல்லாருக்கும் எரியணும்னு இல்லப்பா. அவன் மேல ஒனக்கு இன்னா அவ்ளோ அக்கறை?" என்று சிரித்தார்.

பொதட்டூர்பேட்டையில் அவனைத்தான் இறக்கினார்கள். நான் நிழலில் நின்று கைதட்டினேன். கடைசிப் பாயின்ட்டுக்கு அவன் எகிறியபோது, பந்து கோட்டுக்கு வெளியே போகவேண்டுமென்று மனதார வேண்டிக்கொண்டேன்.

உள்ளேதான் விழுந்தது.