பருப்புக் கறிக்குப் பக்கத்தில் ஒரு மீன்

எனக்கு அதிகம் பேச வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரை படித்தபோது, பதில் தெரிந்தாலும் கை தூக்கியதில்லை. கொழுந்து பறித்த காலத்தில் கங்காணி வைதால் தலையைக் குனிந்துகொண்டு பறிப்பேன். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு நாள் வாய் ஓயாமல் பேசினேன். ஒரு மனுஷனைப் பழிவாங்கத்தான் பேசினேன். அதை மறைக்க மாட்டேன்.

அந்த மனுஷன் எங்கள் பங்களாவின் பெரிய கோக்கி, தலைமைச் சமையல்காரர். கலவானைக்குப் போகிற வழியில் துரைமார் இருந்த பழைய பங்களாவை இப்போது ஹோட்டல் ஆக்கிவிட்டார்கள். காடு பார்க்க வருகிறவர்கள் அங்கே தங்குவார்கள். வயசாகித் தோட்டத்து வேலைப் பதிவில் பேர் வெட்டிய பிறகு அங்கே சமையலறையில் எனக்கு வேலை கிடைத்தது. தேங்காய் துருவுவேன், சம்பல் அரைப்பேன், மாசிக் கருவாடு இடித்துக் கொடுப்பேன். கோக்கி எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான், என் மகன் வயசு. என்னை "ஏய் கெழவி" என்றுதான் கூப்பிடுவார். அதுகூடப் பழகிவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் வந்தது, அம்மா, அப்பா, ஒரு மகள். பரிமாறுகிற பெண் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, அந்தப் பொண்ணுக்கு மீனு ஒத்துக்காதாம். வாயில பட்டாலே வீங்கிருமாம். பருப்புல மீனு கீனு இருக்கானு கேக்குறாங்க."

"பருப்புல எங்கடி மீனு நீந்துது? கொண்டுபோய் வையி."

அந்தப் பருப்பில் அவர் ஒரு கை மாசித்தூள் போட்டிருந்தார். இடித்துக் கொடுத்தது நான். எங்கள் பக்கத்தில் மாசியை யாரும் மீன் என்று நினைப்பதில்லை. உப்பு போல, மஞ்சள் போல, ருசிக்குப் போடுகிற சாமான் அது. மரக்கறிதான் என்று சொல்லிக்கொண்டே போடுவோம். ஆனாலும் அந்த நேரத்தில், மாசியும் கடலில் நீந்தியதுதானே என்று எனக்குள் ஒரு சொல் வந்தது. தொண்டை வரை வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மேசைப் பக்கம் நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. அந்த மகளின் உதடு வீங்கிவிட்டது, மூச்சு இழுத்தது. வேனில் போட்டு இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துவிட்டாள் என்று மறுநாள் செய்தி வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அதுவரைக்கும் அது கோக்கி தெரியாமல் செய்த தப்பு. அதோடு போயிருந்தால் நான் அவரை மன்னித்திருப்பேன்.

மெனேஜர் வந்து விசாரித்தபோது, கோக்கி என்னைக் கைகாட்டிச் சிங்களத்தில் சொன்னார். மாசி இடித்த கல்லைக் கழுவாமல் இந்தக் கிழவி தேங்காய் அரைத்திருக்கிறாள், கண்ணும் தெரியாது, கையும் நடுங்கும் என்றார். எனக்கு சிங்களம் நன்றாகவே தெரியும். அது அவருக்கும் தெரியும். நான் பேசமாட்டேன் என்றும் அவருக்குத் தெரியும். அதுதான் என்னைச் சுட்டது.

என்னைப் பின்பக்கக் குழாயடிக்குச் சட்டி கழுவ அனுப்பிவிட்டார்கள். நாங்கள் குடியிருக்கிற லயத்தில் கெட்ட பேர் பரவியது. "மாசிக் கெழவி வர்றா, மூக்கப் பொத்திக்குங்க" என்று பெண்கள் சிரித்தார்கள். கோயில் திருவிழாவுக்குப் பொங்கல் கிண்ட வருஷா வருஷம் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வருஷம் கூப்பிடவில்லை. என் கையால் ஆக்கியதைத் தின்ன பயந்துவிட்டார்கள். இந்த வயசில் எனக்கென்று இருந்தது அந்தக் கைதான்.

கரி பிடித்த சட்டியைத் தேய்க்கும்போதெல்லாம் அவர் முகத்தைத் தேய்ப்பதாக நினைத்துத் தேய்த்தேன். சட்டிகள் பளபளத்தன.

கொஞ்ச நாள் கழித்து, மெனு அட்டையைத் திருத்தி எழுதக் கொழும்பிலிருந்து ஒரு அம்மா வந்தார். முக்காடு போட்ட முஸ்லிம் அம்மா, நல்ல தமிழ். எந்தச் சாப்பாட்டில் மீன், எதில் இறால், எதில் முட்டை, பால், கஜு என்கிற முந்திரி, கோதுமை என்று பக்கத்தில் சின்னச் சின்னப் படம் போடப் போகிறார்களாம். கோக்கி அவரிடம் சொன்னது குழாயடி வரைக்கும் கேட்டது.

"நம்ம மரக்கறியெல்லாம் சுத்தம் மேடம். தேங்காப்பாலு, மஞ்ச, உப்பு. அவ்ளோதான். மத்தது என் கைப்பக்குவம்."

அந்த அம்மா நான் சட்டி கழுவுவதைப் பார்க்கப் பின்னால் வந்தார்.

"இதுல என்னம்மா பொரிச்சாங்க?"

"எறாலுங்க."

"கெழங்கும் இதே எண்ணெயிலயா?"

தலையாட்டினேன். அவர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்கம்மா. எனக்கு அவசரம் இல்ல."

சொன்னேன். வட்டக்காய், அதாவது பூசணிக் கறி கெட்டியாக இருப்பது தேங்காய்ப்பாலால் இல்லை, அரைத்த கஜுவால் என்று சொன்னேன். பலாக்காய்க் கறியிலும் மாசி, சீனிச் சம்பலிலும் மாசி. வெள்ளைக்காரர்கள் குடித்துப் பாராட்டி, கோக்கியோடு நின்று படம் எடுத்துக்கொள்கிற அந்த மரக்கறி சூப்பு, பாக்கெட் தூள். வெற்றுப் பாக்கெட்டுகளை அவர் குப்பைக்கு அடியில் திணிப்பார். குப்பை கொட்டுகிறவள் நான். அதில் தமிழிலும் எழுதியிருக்கும். எழுத்துக் கூட்டி வாசித்து வைத்திருந்தேன். கோதுமை, பால், சோயா என்று ஒப்பித்தேன். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியை நானே கழற்றுவது போல இருந்தது.

கடைசியில் அந்தப் பருப்பைச் சொன்னேன். "அன்னைக்கு எனக்குத் தெரியுங்க. தெரிஞ்சும் வாய் தொறக்கல. அதையும் எழுதிக்குங்க."

அந்த அம்மா பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "ஏம்மா சொல்லல?"

"யாரும் என்னையக் கேக்கலீங்களே."

புது அட்டை வந்தது. பருப்புக் கறிக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு மீன். சூப்புக்குப் பக்கத்தில் ஒரு கோதுமைக் கதிரும் ஒரு பால் கோப்பையும். கைப்பக்குவத்துக்கு ஒரு படமும் இல்லை. கோக்கி அட்டையை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு வந்தார்.

"என் மானத்த வாங்கிட்டியே கெழவி."

"நா என்னாங்க செஞ்சேன்? உள்ளது எழுதியிருக்கு."

பருப்பில் மாசி போட்டது கோக்கிதான் என்று பரிமாறுகிற பெண் லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். அடுத்த திருவிழாவுக்குப் பொங்கல் கிண்டக் கூப்பிட ஒருத்தி வந்தாள், முன்பு மூக்கைப் பொத்தியவள்தான். "மாசி நாறுமே தாயி" என்றேன். அவள் முகம் செத்துப்போனது. இரண்டாம் தடவை கூப்பிட வைத்துத்தான் போனேன்.

என்னை மறுபடி அம்மிக்கே அனுப்பினார்கள். அதோடு ஒரு சட்டமும் வந்தது. அரைத்தவர், இடித்தவர் எல்லாரிடமும் அன்றன்றைக்குப் போட்டது என்ன என்று கோக்கியே கேட்டு, தாளில் எழுதி, கையெழுத்து வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தட்டு வெளியே போகலாம்.

இப்போது தினமும் காலையில் அவர் தாளோடு என் முன்னால் வந்து நிற்கிறார்.

"அம்மா, இன்னைக்குச் சம்பல்ல என்னங்க போட்டீங்க?"

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் மிளகாயை அரைத்து முடித்து, குழவியைக் கழுவி, கையைத் துடைத்த பிறகுதான் நிமிர்ந்து பார்ப்பேன். அதுவரை அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்.