எதிர்ச் சுவரில் இருந்த சுவிட்ச்

சுங்கை வேயில் என் வீட்டு போர்ச்சில் மரம் கடையும் மிஷின் ஒன்று வைத்திருக்கிறேன். ஓய்வு நேரத்தில் கிண்ணம் கடைவேன். அதன் சுவிட்ச் எதிர்ச் சுவரில் இருந்தது. நான் கையை உயர்த்தினால், அங்கே உட்கார்ந்து காய் நறுக்கும் என் மனைவி அணைப்பாள். "எத்தனை வாட்டி லா," என்று அலுத்துக்கொள்வாள்.

அவள் இறந்து நான்கு மாதம் கழித்துத்தான் மிஷினை மறுபடி போட்டேன். மரம் தேயத் தேய, உளியைத் தாங்கும் இரும்புத் தாங்கியை மரத்துக்கு அருகே நகர்த்த வேண்டும். வழக்கம்போல் கையை உயர்த்தினேன். மிஷின் நிற்கவில்லை. காலி நாற்காலியைப் பார்த்ததும் என் மேலேயே எரிச்சல் வந்தது. நடந்து போய் அணைக்காமல், மரம் சுற்றும்போதே தாங்கியைத் தள்ளினேன். அது மரத்தில் முட்டியது. கட்டை பிடுங்கிக்கொண்டு என் காதை உரசிப் பறந்து, சன்னல் கண்ணாடியை உடைத்தது.

பக்கத்து வீட்டுப் பெண்மணி வேலியோரம் ஓடி வந்து, "அண்ணே, அடி கிடி பட்டுச்சா?" என்றார்.

"இல்லம்மா, கண்ணாடிதான்," என்றேன். அவர் உள்ளே போன பிறகுதான் நடந்து போய் சுவிட்சை அணைத்தேன்.

இப்போது சுவிட்சுக்குப் பக்கத்திலேயே மிஷினை மாற்றிவிட்டேன். அணைத்து, மரம் முழுதாக நின்ற பிறகே தாங்கியைத் தொடுகிறேன். மரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றி, எங்கும் முட்டவில்லை என்று பார்த்தே மறுபடி போடுகிறேன்.

ஆனாலும் கை இன்னும் தானாக உயர்கிறது. அதை இறக்கி, நானே அணைத்துக்கொள்கிறேன்.