எரிந்த லொறிக்கு அங்கால

மல்லாவிக்குப் பக்கத்தில், போர் முடிந்து சனங்கள் திரும்பி வந்த ஒரு குடியேற்றத் திட்டம். அங்குள்ள சனங்கள் தங்கள் ஊரைப் பற்றிச் சொல்லும் கதைகளைக் கணினிக்குத் தர்க்கமாகப் படிப்பிப்பதுதான் என் ஆராய்ச்சி. வீடு புளியமரத்துக்கு வடக்கே, புளியமரம் குளத்துக்கு வடக்கே என்று எழுதிக் கொடுத்தால், வீடும் குளத்துக்கு வடக்கேதான் என்று அது தானாகவே கண்டுபிடிக்கும். பெரிய கெட்டித்தனம்! இதற்குத்தான் எனக்குக் கலாநிதிப் பட்டம் தரப்போகிறார்கள்.

என் மேற்பார்வையாளர் கொழும்பில் குளிர் அறைக்குள் இருந்தபடி ஒரு விதி போட்டிருந்தார். இல்லாத பொருளுக்குப் பக்கம் கிடையாது; அதை வைத்து வேறெதன் இடத்தையும் குறிக்கக்கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

அங்கே நெல் விதைக்கும் ஓர் அம்மா, தன் வீடு "எரிஞ்ச லொறிக்கு அங்கால" என்று சொல்லியிருந்தார். அந்த லொறியைப் பழைய இரும்புக்காரர் எப்போதோ வெட்டி ஏற்றிவிட்டார்கள். லொறி இல்லை என்று பதிந்தேன். கணினி உடனே தான் வரைந்த ஊர்ப் படத்திலிருந்து அம்மாவின் வீட்டைத் தூக்கியது. வீட்டுக்கு முன்னால் அம்மன் கோயில், அதுவும் போச்சு. கோயிலடியில் கடை, அதுவும் போச்சு. மேற்பார்வையாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். "தர்க்கம் பிழைக்காது, சனம் தந்த தகவல்தான் பிழை. போய்த் திருத்திக்கொண்டு வாரும்" என்றார்.

பொதுநோக்கு மண்டபத்தில் படத்தை விரித்தேன். ஊரின் வரலாறாக நூலகத்தில் இருக்கப்போகும் படம் என்று முன்பே சொல்லியிருந்ததால், எல்லோரும் முதலில் தங்கள் வீட்டைத்தான் தேடினார்கள்.

"அம்மாளாச்சியும் திரும்ப இடம்பெயர்ந்திட்டாவோ?" என்றார் கடைக்காரர், கோயில் இருக்கவேண்டிய இடத்தைக் காட்டி. மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. படத்தின் வெறுமையான மூலையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "என்ர வீடு எங்க, பிள்ளை?"

"லொறி இப்ப இல்லைத்தானே, அம்மா. அதாலதான் கொம்பியூட்டர்..."

"லொறி இல்லையோ?" அவர் குரல் உயரவில்லை. "அப்ப என்ர மனுசன் எதுக்குள்ள எரிஞ்சவர்?"

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஊரே ஏன் அந்த லொறியை வைத்து வழி சொல்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. சொல்லித் தெரியவேண்டிய விஷயமாக அவர்களுக்கு அது இருக்கவுமில்லை.

அன்று பின்னேரமே விதியை அழித்தேன். வீடு வந்தது, கோயில் வந்தது, கடையும் வந்தது. இல்லாத பொருளுக்கு எப்படிப் பக்கம் முளைத்தது என்று மேற்பார்வையாளர் மின்னஞ்சலில் கேட்டிருந்தார்.

லொறி இருக்கிறது, சேர், என்று பதில் போட்டேன்.